ஏற்காட்டின் இருபது வளைவுகள்: சைக்கிளில் ஏறும்போது படிக்க வேண்டிய ஒரு வரலாறு

மக்களே, ஏற்காடு பற்றி ஒரு தகவல் வருஷா வருஷம் கோடை விழா நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும். "1842-ஆம் ஆண்டு சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்" என்று. சுற்றுலா இணையதளங்களிலும் இதே வரி, ஹோட்டல் துண்டுப் பிரசுரத்திலும் இதே வரி.

ஒரே ஒரு சிக்கல்தான். மன்றோ 1827-லேயே இறந்துட்டார். அதாவது செத்துப் பதினைந்து வருஷம் கழிச்சு ஒரு மலையைக் கண்டுபிடிச்சிருக்கார். எம்பிபிஎஸ் படிச்சவன் என்ற முறையில் சொல்றேன், இதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இந்த நீண்ட இழையில் அந்த மலையின் கதையைச் சேலத்திலிருந்து சைக்கிளில் ஏறிக்கிட்டே பார்க்கலாம். காரில் போனா இருபது வளைவும் இருபது வாந்தியாகத்தான் ஞாபகம் இருக்கும். சைக்கிளில் போனா ஒவ்வொரு வளைவும் தொடையில் ஞாபகம் இருக்கும்.

முதலில் மன்றோவை முடிச்சுடுவோம்.

அவருக்கும் சேலத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்ல முடியாது. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தது. அங்கே வரி நிர்ணயம் செய்ய கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர்தான் இளைஞர் மன்றோ. 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார். பிற்பாடு 1820-ல் கவர்னர் ஆனார்.

1827 ஜூலை 6. பதவி முடிந்து ஊர் திரும்பும் முன், தான் முன்பு வேலை பார்த்த ராயலசீமைப் பகுதியைக் கடைசியா ஒரு தடவை பார்க்கப் போனார். பட்டிகொண்டாவில் காலையில் காலரா கண்டது. அன்று இரவுக்குள் உயிர் போயிடுச்சு.

இங்கே ஒரு டாக்டராகக் கொஞ்சம் நிற்கிறேன். காலராவில் கிருமி நேரடியா ஆளைக் கொல்றது இல்லை. உடம்பிலிருக்கிற தண்ணீரும் உப்பும் பேதியில் லிட்டர் லிட்டராக வெளியே போறதுதான் கொல்லுது. அந்தக் காலத்தில் இதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? ரத்தம் எடுத்து விடுவாங்க, பாதரசம் கலந்த கலோமெல் கொடுப்பாங்க, கூடவே அபின். ஏற்கெனவே வற்றிப் போன உடம்பிலிருந்து இன்னும் ரத்தத்தை எடுக்கிறது! நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றலாம் என்று ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் செய்து காட்டியது 1832-ல். மன்றோ இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதையும் மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் கண்டுக்கலை. இன்றைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஒரு ரிங்கர் லாக்டேட் பாட்டிலும் அன்றைக்கு மாகாண கவர்னருக்கே கிடைக்கலை.

சென்னையில் தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் இவர். அந்தச் சிலை வைத்ததே 1839-ல். அதற்கும் மூணு வருஷம் கழிச்சு இறங்கி வந்து ஏற்காட்டைக் கண்டுபிடிச்சார்னு நம்பறவங்க நம்பிக்கலாம்.

சரி, அப்போ யார்தான் கண்டுபிடிச்சது? இந்தக் கேள்வியே தப்பு என்கிறது என் கருத்து. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தாங்க. அதுக்குப் பிறகு வருவோம். இப்போ சைக்கிளை எடுங்க.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் சாலை. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் பெரிய ஏற்றம் கிடையாது. கிளம்பும் முன் மேற்குப் பக்கம் ஒரு பார்வை பாருங்க. மண் வெள்ளை வெளேர்னு தெரியும். அது சுண்ணாம்பு இல்லை, மாக்னசைட். வெள்ளைக்காரங்க 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைச்சது இந்த வெள்ளையைப் பார்த்துத்தான். இரும்பு உருக்கும் உலைகளின் உள்சுவருக்கான செங்கல் இதிலிருந்துதான் செய்யறாங்க. அதற்கு மேலே நீங்க ஏறப் போற மலை வேறு ஜாதிக் கல், சார்னோகைட். சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அதே வகை. இந்தப் பல்லாவரத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க, மேலே போனதும் தேவைப்படும்.

அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏற்றம். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஐந்து, ஆறு. இருபது கொண்டை ஊசி வளைவு. டூர் டி பிரான்ஸ் பார்க்கிறவங்களுக்கு ஆல்ப் டியூஸ் ஏற்றம் தெரிந்திருக்கும், அங்கே இருபத்தொன்று. ஒன்றுதான் குறைவு நமக்கு! ஆனா அது பதினான்கு கிலோமீட்டருக்குள்ளேயே நூற்றுக்கு எட்டு என்ற சரிவில் முடிஞ்சிடும். நம்ம சாலை அதைவிட நீளம், அதைவிடச் சாது. (கொல்லிமலைக்காரங்க சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு எழுபது வளைவு, தெரியும்.)

ஏன் மலைச் சாலைகள் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது? மோட்டாருக்காக இல்லை. பழைய மலைப்பாதைகளின் சரிவைக் கணக்குப் போட்டது மாட்டையும் குதிரையையும் மனசுல வைச்சுத்தான். ஒரு ஜோடி மாடு பாரம் இழுத்துக்கிட்டு மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய சரிவு எதுவோ, சைக்கிள் மிதிக்கிற மனுஷனுக்கும் கிட்டத்தட்ட அதேதான். இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை இருக்கு, ஒரு பக்கம் மட்டும் 48 வளைவு. ஆஸ்திரியப் பேரரசு 1825-ல் திறந்தது, படைகளும் வண்டிகளும் போக. இன்றைக்கு உலகத்துச் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் அது புண்ணிய ஸ்தலம்.

கியர் பற்றியும் ஒரு வார்த்தை. 1910-ல் டூர் டி பிரான்ஸ் முதல் தடவையா பிரனீஸ் மலையில் டூர்மலே கணவாயைத் தாண்டியபோது ஆக்டாவ் லாபீஸ் என்ற வீரர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே ஏறினார். அன்றைக்குப் போட்டி நடத்தினவங்களைப் பார்த்து "கொலைகாரர்கள்" என்று கத்தினது சைக்கிள் உலகத்தில் பிரசித்தம். அந்தப் போட்டியில் கியர் மாற்றும் டிரெய்லருக்கு அனுமதி கிடைத்ததே 1937-ல். அதனால ஏழாவது வளைவில் நீங்க இறங்கித் தள்ளினா வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

இப்போ கணக்கு. நீங்க 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ, ஏற்றம் 1200 மீட்டர். பௌதிகப்படி இந்த எடையை மேலே தூக்க சுமார் 225 கிலோகலோரி போதும். ஆனா நம்ம தசை சாப்பாட்டில் கால் பங்கைக்கூட முழுசா வேலையா மாத்தாது, மீதி எல்லாம் சூடாப் போயிடும். அதனால உண்மையில் செலவாகிறது 900-லிருந்து 1100 வரை. ஒரு இட்லிக்கு 50 என்று வைத்தால் இருபது இட்லி. வளைவுக்கு ஒரு இட்லி!

இந்தக் கணக்கை ஏன் போட்டேன்னா, இதே மலையில் இன்னொருத்தரைத் தோளில் சுமந்துக்கிட்டு ஏறினவங்க இருந்தாங்க.

வண்டிச் சாலை வரும் முன் ஏற்காட்டுக்குப் போக மூணே வழி. நடக்கணும், மட்டக்குதிரையில் போகணும், இல்லைன்னா நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் தூக்கிக்கிட்டுப் போகணும். துரை, துரைசாணி, அவங்க பிள்ளைங்க, பெட்டி படுக்கை, பியானோ உட்பட எல்லாம் மனுஷத் தோளில்தான் மலை ஏறியது. மெட்ராஸ் ரயில்வே 1860-களின் தொடக்கத்தில் சேலத்தைத் தொட்டதும் மேலே போற கூட்டம் கூடியது. தூக்கினவங்க பெயர் எந்த கெசட்டியரிலும் இல்லை. தூக்கப்பட்டவங்க பெயரில் பங்களாவும் சாலையும் பாயிண்டும் இருக்கு. மலை ஏறும்போது என் நாடித்துடிப்பு 160-ஐத் தொடுகிற இடங்களில் இதை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

ஐரோப்பாவில் ஆற்றங்கரையோடு சைக்கிள் ஓட்டிக்கிட்டே கோட்டை பார்க்கிறது ஒரு பெரிய சுற்றுலா. ரைன் நதியில் பிங்கனுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவில் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு, வளைவுக்கு ஒரு கோட்டை. 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாங்க. "நமக்கு அந்த மாதிரி இல்லையே"ன்னு யாராவது சொன்னா சேலத்துக்கு வடக்கே கையைக் காட்டுங்க. பாராமகால் என்ற பெயருக்கே பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்றுதான் பொருள் சொல்வாங்க. கிருஷ்ணகிரி, ஜெகதேவி என்று மலைக்கு மலை கோட்டை. தென்மேற்கே சங்ககிரி. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை. நாமக்கல்லில் ஊர் நடுவே ஒற்றைப் பாறை மேல் ஒன்று.

சேர்வராயன் மலை மேலே ராஜாக்கள் யாரும் பெரிய கோட்டை கட்டலை. மலையே கோட்டை. ஒரு பக்கம் தொப்பூர் கணவாய், இன்னொரு பக்கம் மஞ்சவாடி கணவாய். படைகள் இந்த மலையைச் சுற்றிக்கொண்டு போச்சே தவிர மேலே ஏறலை. இந்த மலை கொடுத்தது தண்ணீர். சேலம் நகரம் வழியா ஓடுற திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் போற சரபங்காவும், வடக்கே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இறங்கற வாணியாறும் இங்கே பிறந்தவைதான். முதல் இரண்டும் காவிரிக்கு, மூன்றாவது தென்பெண்ணைக்கு. திருமணிமுத்தாற்றைச் சேலத்துக்குள்ளே பார்த்தவங்க அது மலையில் பிறந்த ஆறுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. காலராவைப் பற்றி மேலே எழுதினதை அந்தப் பாலத்தில் நின்னு மறுபடி படிங்க.

ஆனா மேலே கோட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடிய ஒன்றே ஒன்று இருக்கு. கிரேஞ்ச். ஏற்காட்டின் மிகப் பழைய ஐரோப்பிய வீடுகளில் ஒன்று. எம்.டி. காக்பர்ன் என்ற கலெக்டரோடு சேர்த்துப் பேசப்படுவது. 1857-ல் வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்ததும் சேலத்து வெள்ளைக்காரங்களுக்கு நடுக்கம். ஓடி ஒளிய ஒரு இடம் வேணுமே! இந்த வீட்டைப் பலப்படுத்தி, பீரங்கி வைக்க மதில்மேடை எழுப்பி, நிலவறையில் மாசக்கணக்குக்கு உணவும் சேர்த்து வைச்சாங்க. சேலத்தில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலை. இன்றைக்கு அது தனியார் எஸ்டேட், கேட்காமல் உள்ளே போகாதீங்க.

அந்த காக்பர்ன்தான் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். ஏற்காட்டின் காப்பிக்கும் பேரிக்காய், ஆப்பிள் மாதிரிப் பழங்களுக்கும் ஆரம்பம் அவர். 'ஏற்காட்டின் தந்தை' என்ற பட்டமும் அவருக்குத்தான். அவர் மகள் மார்கரெட் 1829-ல் சேலத்தில் பிறந்தார், பிறகு குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அந்தப் பெண் நீலகிரிப் பறவைகளை வரைந்த படங்கள் இன்றைக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு. அப்பாவைவிட மகள் எனக்குச் சுவாரசியமான ஆள், ஆனா அது நீலகிரிக் கதை, இன்னொரு நாள்.

இப்போ சாலையின் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம் வந்தாச்சு. சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி, கீழே அரபிகா. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாளில் வந்தீங்கன்னா மலை முழுக்க மல்லிகை வாசனை. அது மல்லிகை இல்லை, காப்பிப் பூ.

இந்தத் தோட்டங்களுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? சாமை, தினை, ராகி விதைத்த மலையாளி மக்கள் இருந்தாங்க. கேரள மலையாளி இல்லைங்க. மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி, தமிழ் பேசுற பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பி வந்ததா அவங்க கதை சொல்லும். பெரியண்ணன் சேர்வராயனுக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. சேர்வராயன் மலையை அவங்களே சேல நாடு, மோக நாடு, முட்டு நாடு என்று மூணு நாடாகப் பிரித்து வாழ்ந்தாங்க. நாட்டுக்குத் தலைவர், ஊருக்கு ஊர்க்கவுண்டர், பஞ்சாயத்து, அபராதம் எல்லாம் உண்டு. இவ்வளவு நிர்வாகம் இருந்த இடத்தைத்தான் இறந்து போன ஒருத்தர் 'கண்டுபிடிச்சார்'.

அவங்களுக்கும் முன்னால்? இங்கேதான் பல்லாவரம் வருது.

ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கு. சைக்கிளைச் சாய்த்து வைச்சுட்டு உள்ளே போங்க. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பெயரைத் தேடுங்க. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியை எடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிரூபித்தவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை. வேலை ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தியை இங்கே கொண்டுவந்து வைச்சாங்க.

சேர்வராயன் மலையிலேயே புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைச்சிருக்கு. வழவழன்னு தேய்த்த கற்கள். நிலத்தில் கிடைச்சா மலையாளி மக்கள் அதை எடுத்துப் பிள்ளையார் கோயிலில் சேர்த்து வைத்துக் கும்பிட்டாங்க என்று அந்தக் கால ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க. அருங்காட்சியகம் வரும் முன்பே அந்தக் கற்களைப் பத்திரப்படுத்தினது பிள்ளையார்.

ஃபுட்டின் மாமனாரும் இதே ஊரில்தான் அடக்கம். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். 1882-ல் ஏற்காட்டில் இறந்தார். சைவத்தைக் காக்கக் கிளம்பிய நாவலர் பைபிளுக்குத் தமிழ் கொடுத்ததும், கொடுக்கச் சொன்னவர் நம்ம சேலத்து மலையில் தூங்குவதும், இதெல்லாம் சேர்த்து ஒரு நல்ல படம் எடுக்கலாம். யாரும் எடுக்க மாட்டாங்க.

தேவாலயத்திலிருந்து கிளம்பினா லூப் ரோடு. ஏரியில் ஆரம்பித்து ஏரியிலேயே முடிகிற 32 கிலோமீட்டர். சைக்கிளுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சுற்று எனக்குத் தெரியாது. கார்க் கூட்டம் ஏரிக்கரை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்டோடு நின்னுடும். நாகலூர் பக்கம் திரும்பினதும் நீங்களும் காப்பியும் மட்டும்தான். மலையின் மிக உயர்ந்த பக்கம் சேர்வராயன் கோயில், 1600 மீட்டருக்கும் மேலே. குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாசத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமம் எல்லாம் அங்கே கூடும். அந்தச் சமவெளியின் செம்மண்ணில் பாக்சைட் இருக்கு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ரொம்ப வருஷம் இங்கிருந்துதான் வெட்டி எடுத்தாங்க.

இந்தச் சுற்றில் கிளைச் சாலைகளைக் கவனிங்க. சில நல்ல தார்ச்சாலை, சில மண்பாதையாகி முடிஞ்சிடும். பாதை முடியற இடத்துக்கு அப்புறமும் வீடுகள் இருக்கு. தமிழ்நாட்டின் பல மலைகளில், ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, இங்கேயும்தான், அப்படி முடிஞ்ச பாதைகளிலிருந்து இன்னும் நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி வர்றாங்க. பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்துடுச்சு, ஆனா சக்கரம் வரக்கூடிய இடம் வரைக்கும்தான் அது வரும். அதற்கு மேல் மூங்கில், போர்வை, நாலு ஆள்.

என்கிட்டே அப்படி வந்த ஒரு பெண் நல்லபடியா பிரசவிச்சாங்க. தூக்கி வந்த நாலு பேருக்கும் தோள்பட்டையில் தோல் உரிஞ்சிருந்தது. மருந்து போடும்போது அதில் ஒருத்தர் "எங்க தாத்தா துரையைத் தூக்கினாரு சார், அதுக்குக் கூலி கொடுத்தாங்க"ன்னு சிரிச்சார்.

துரைக்குத் தார்ச்சாலை வந்தது. தூக்கினவங்க ஊருக்கு எல்லா இடத்திலும் இன்னும் வரலை. மலைப்பகுதி சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறை என்று ஒரு நல்ல ஏற்பாட்டை அரசு வைச்சிருக்கு. பிரசவத் தேதிக்கு முன்னாடியே கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து தங்கிக்கலாம், சாப்பாடு உண்டு. மலைக்கிராமத்தில் உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா கிராம சுகாதாரச் செவிலியர்கிட்ட அங்கே இந்த வசதி இருக்கான்னு கேட்கச் சொல்லுங்க. இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இறங்கும் வழி. வந்த வழியே இறங்கலாம், இல்லைன்னா கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கி அயோத்தியாப்பட்டணம் வந்து சேலம் சேரலாம். நான் குப்பனூர் வழியைத்தான் சொல்வேன், வண்டி குறைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்னு போனது ஞாபகம் இருக்கும். அதனால மழைக்காலத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு விசாரிக்காமல் கிளம்பாதீங்க. கோடை விழா நாட்களில் கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் ஒருவழிப் பாதையா மாத்துறதும் உண்டு.

பிரேக்கை விடாமல் பிடிச்சுக்கிட்டே இறங்காதீங்க, ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். நேரான இடத்தில் பிடிச்சு, வளைவுக்குள்ளே விடுங்க. விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருங்க. தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கலந்துக்கோங்க, கலர் தண்ணியெல்லாம் வேண்டாம். நாற்பது தாண்டினவங்க, சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க, ஏறும் முன் ஒரு ஈசிஜி பார்த்துடுங்க. பத்தாவது வளைவில் இடது தோளிலோ தாடையிலோ வலி வந்தா அது வாயு இல்லை. சைக்கிளை அங்கேயே போட்டுட்டு 108-க்கு அடிங்க. அங்கே சாலை இருக்கு, வண்டி வரும்.